‘நன்று’ என்று எழுதியே நிறுத்திவிட்டார்கள்

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். 20 ஆண்டுகள் முடித்தும் எம்ஏசிபி (பதவி உயர்வு இல்லாமல் ஆண்டுகள் கழிந்தவர்களுக்கான சம்பள உயர்வுத் திட்டம்) நிதி உயர்வு மறுக்கப்பட்டது. உத்தரவு வந்து எட்டு மாதமாகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் சென்ற வாரம் கிடைத்த நகலைப் பார்த்தால், ஒரு வருட மதிப்பீட்டு அறிக்கையில் மட்டும் பத்துக்கு 5.4, ‘நன்று’. ‘வேகம் போதாது’ என்று ஒரு வரி. இதை அப்போது எனக்கு யாரும் காட்டவில்லை. அந்த வருடம் ஓய்வு பெற்றவரின் மேசையையும் நான்தான் பார்த்தேன். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மதிப்பீட்டை எதிர்த்து முறையீடு கொடுக்க, நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு இந்த வாரமே எழுத உட்காருங்கள்.

‘நன்று’ எப்படிப் பாதகமாகும் என்று உங்கள் அலுவலகம் கேட்கும். எம்ஏசிபிக்கு 2016 முதல் ‘மிக நன்று’ தேவை. அதாவது குறைந்தது 6. அந்த வாசலில் நிற்பவருக்கு 5.4 பாதகம்தான். எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அவருக்கும் ‘நன்று’தான் எழுதியிருந்தார்கள், தேவை ‘மிக நன்று’. சுக்தேவ் சிங் வழக்கில் (2013) மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது: எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2008-09 முதலே முழு அறிக்கையையும் காட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் சொந்த உத்தரவு.

எனவே ‘நான் நன்றாக உழைத்தேன்’ என்று தொடங்காதீர்கள். ‘எனக்குக் காட்டவில்லை’ என்பது முதல் வரியாக இருக்கட்டும். அறிக்கை ‘ஸ்பாரோ’ இணைய முறையில் எழுதப்பட்டதா என்று முதலில் பாருங்கள். உங்கள் கணக்குக்கு அது வந்து, நீங்கள் திறக்காமல் விட்டிருந்தால் வாதம் கவிழ்ந்துவிடும்.

அடுத்தது எண். வேலையின் அளவுக்கு 40 சதவீதம், தனிப் பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30 என்ற எடையில்தான் மொத்தம் வருகிறது. நீங்கள் அனுப்பிய நகலில் பின்னிரண்டிலும் 6. வேலை அளவில் மட்டும் 4.5. அந்த ஒன்று 6 ஆனால் மொத்தமும் 6. ஆக, சண்டை ஒன்றரை மதிப்பெண்ணுக்குத்தான். இரண்டாவது மேசையை ஒப்படைத்த உத்தரவு, கோப்புப் பதிவேட்டின் மாதவாரி எண்ணிக்கை, அந்த வருடம் உங்களுக்கு மெமோ எதுவும் வரவில்லை என்ற விவரம் ஆகியவற்றை இணையுங்கள். மேலதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கோபத்தில் எழுதிய பத்துப் பக்க முறையீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோப்பில் அவை ஊழியருக்கு எதிரான சாட்சியாகவே கிடக்கின்றன.

உங்கள் முறையீட்டை அலுவலகம் 30 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. செய்யாவிட்டால் நினைவூட்டல்கள் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக, இறுதி உத்தரவிலிருந்து ஓராண்டுதான் கெடு. எம்ஏசிபி மறுப்பு உத்தரவில் எட்டு மாதம் கரைந்துவிட்டது. அந்த மறுப்புக்கும் தனியாக ஒரு முறையீடு உடனே கொடுங்கள். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி நாளைத் தள்ள வேண்டாம்.

தீர்ப்பாயம் தானே மதிப்பெண் போடாது. முறையீட்டைப் பரிசீலித்து, மதிப்பீடு உயர்ந்தால் பழைய தேதியிலிருந்தே பலன் தரும்படி உத்தரவிடும் வாய்ப்பே அதிகம். ஓய்வு பெற்றுவிட்ட தேவ் தத்துக்குக்கூட, மதிப்பீடு உயர்ந்து பதவி உயர்வுக்குத் தேர்வானால் நிலுவையை 8 சதவீத வட்டியோடு தரச் சொன்னார்கள்.