தன்னொடு கற்றோன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாற்பது பேருக்கு மேல் உள்ள ஒரு கவிதைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களில் எவரும் கவிஞர் என்று பெயர் பெற்றவர் அல்லர். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து ‘அருமை’, ‘சிறப்பு’, ‘தொடருங்கள்’ என்று எழுதுவோம். அந்தச் சொற்கள் கிடைத்திராவிட்டால் நான் இரண்டாவது கவிதையை எழுதியிருக்கவே மாட்டேன்.

சென்ற மாதம் குழுவில் மூத்தவரான ஒருவர், இறந்துபோன தம் தந்தையின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். கண்ணாடியில் துடைக்கப்படாமல் இருக்கும் தந்தையின் விரல்ரேகையை ஒரு வரியில் காட்டியிருந்தார். படித்ததும் என் கை நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறகு, ‘அப்பா, நீங்கள் இல்லாமல் உலகமே மங்கலாகத் தெரிகிறது’ என்று இரண்டு வரிகளை நீட்டியிருந்தார். ‘கடைசி இரண்டு வரிகள் தேவையில்லை’ என்று அவருக்கு எழுதினேன். அன்றிலிருந்து அவர் ஒன்றும் எழுதவில்லை. ‘இங்கே எல்லோரும் வளரும் கவிஞர்கள், ஊக்கம்தான் தேவை, விமர்சனத்துக்கு வேறு இடம் பாருங்கள்’ என்று மற்றவர்கள் என்னைக் கடிந்துகொண்டார்கள். நான் செய்தது தவறா? பாராட்டு மட்டுமே நடக்கும் இந்தக் குழுவில் நீடிப்பதா, விலகுவதா?

இன்னும் இரண்டு கேள்விகள். புதுக்கவிதை எழுதுகிறவர் யாப்பு கற்க வேண்டுமா? என்னிடம் அறுபது கவிதைகள் சேர்ந்திருக்கின்றன. தொகுப்பாகக் கொண்டுவந்தால் அணிந்துரை தருவீர்களா? பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சொற்கள் கிடைத்திராவிட்டால் இரண்டாவது கவிதையை எழுதியிருக்கவே மாட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு முதலில் பதில் எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். சில மாதங்களாக ஒரு பழைய நண்பனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடலாம். யாப்பு கற்றுக்கொள்ளுங்கள். தளை தட்டாமல் பத்து வெண்பா எழுதிப் பார்த்தவருக்கு, ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும். இதில் விவாதிக்க வேறொன்றும் இல்லை. தொகுப்பு இப்போது வேண்டாம். அணிந்துரை தர மாட்டேன்.

இனி ‘அருமை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அரியதன் தன்மை அருமை. கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது என்பதைக் குறிக்கப் பிறந்த சொல்லை, நாற்பது பேர் நாள்தோறும் நாற்பது பேருக்கு வழங்கும்போது அது தன் பொருளுக்கே பகையாகிவிடுகிறது. அந்தச் சொல்லின் மீது எனக்குக் கோபம் இல்லை. அதைப் படிக்காமலே எழுதிவிட முடிகிறதே, அதுதான் என் கோபம். ஒரு கவிதைக்குக் கீழே எழுதிய பாராட்டை அப்படியே எடுத்து வேறொரு கவிதைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் அது உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டால், அது எந்தக் கவிதையைப் பற்றியும் எழுதப்பட்டது அன்று. உங்கள் குழுவில் இரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட பாராட்டுகளை இப்படி இடம்மாற்றி வைத்தால், எத்தனை பாராட்டுகள் தம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அடம்பிடிக்கும்?

இத்தகைய பாராட்டு கவிஞனுக்குத் தலைக்கனத்தைக் கொடுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தலைக்கனம் வந்தாலும் பரவாயில்லை, அதை வைத்துக்கொண்டும் சிலர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். கேடு வேறு இடத்தில் இருக்கிறது. பத்து நாள் அடித்தும் திருத்தியும் எழுதிய கவிதைக்கு ‘அருமை’ வருகிறது. பத்து நிமிடத்தில் ஒப்பேற்றிய கவிதைக்கும் அதே ‘அருமை’ வருகிறது. முதலில் அவனுக்குச் சிரிப்பு வரும். பிறகு குழப்பம் வரும். நாளடைவில், தன் இரண்டு கவிதைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு அவன் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் கவிதைக்கு ‘அருமை’ சொல்வதை நான் மறுக்கவில்லை. தயங்கித் தயங்கி வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்கும் சொல் அது. அப்படி அழைக்கப்பட்டுத்தான் நீங்கள் இரண்டாவது கவிதையை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே வந்து இரண்டு ஆண்டுகள் ஆனவரை இன்னும் ‘வாருங்கள், வாருங்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் எப்போது உட்காருவது, எப்போது பேசுவது?

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர், அதன் முன்னுரையான பாயிரத்தில் ஒரு விதி சொல்கிறார். எத்தனை துறையில் நூல் செய்து முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதி அன்று. புகழுரையான சிறப்புப் பாயிரத்தைப் பிறர்தான் பாட வேண்டும். அதற்கு உரியவர்களையும் பட்டியலிடுகிறார்: ‘தன்னா சிரியன் தன்னொடு கற்றோன் தன்மா ணாக்கன் தகுமுரை காரன்’. இந்த நால்வருள் இரண்டாமவரைக் கவனியுங்கள். தன்னொடு கற்றோன். ஆசிரியனுக்கு அடுத்த இடம் உடன் படித்தவனுக்கு. மாணாக்கனும் உரைகாரனும் அவனுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். ஆகவே, வளரும் கவிஞர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள், குறைந்தபட்சம் எழுநூறு ஆண்டுப் பழமையான ஓர் உரிமையைக் கேலி பேசுகிறார்கள் என்பதை அறிந்து பேசுவது நல்லது. ஆனால் அதே நூற்பா ‘பாயிரம் இயம்புதல் கடனே’ என்று முடிகிறது. கடன் என்பது தோன்றினால் செய்வதும் தோன்றாவிட்டால் விடுவதும் அல்லவே.

அந்தக் கடனை உடன் கற்றவன் ஒருவன் எப்படித் தீர்த்தான் என்பதற்கு நம்மிடம் சான்று இருக்கிறது. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரைமரபு. 15 அடிகள்தாம். இந்த நூல் எந்த எல்லைக்குள் வழங்கும் தமிழை ஆராய்கிறது, வழக்கு செய்யுள் என்ற எந்த இரண்டைத் தனக்கு அடிப்படையாகக் கொள்கிறது, எழுத்து சொல் பொருள் என எவற்றை நாடுகிறது, முந்தைய நூல்களை எப்படிக் கண்டு தொகுத்தது, எந்த மன்னன் அவையில் எந்த ஆசானுக்கு முன்னால் ஐயம் தீரச் சொல்லப்பட்டது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். குற்றமற்ற நூல் என்று நடுவில் ஒரு சொல், பல புகழையும் நிலைநிறுத்தியவன் என்று கடைசி அடியில் ஒரு தொடர். மற்றவை எல்லாம் அவர் நூலைத் திறந்து பார்த்து எழுதிய செய்தி. தம் நண்பன் என்ன செய்திருக்கிறான் என்று சொல்லி முடித்த பிறகே அவன் பெரியவன் என்று சொல்லத் துணிகிறார். அந்தப் பாயிரத்தைப் பெயர்த்து வேறொரு நூலின் தலைப்பில் வைக்க முடியாது.

பவணந்தியின் இன்னொரு கணக்கும் உங்களுக்கு உதவும். ஆசான் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் காற்பங்கு புலமைதான் வரும். உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு. தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே மீதி அரைப்பங்கு. எவ்வளவு பெரிய ஆசிரியன் கிடைத்தாலும் உங்கள் குழுவுக்கு ஈடான பங்குதான் அவனுக்கும். அந்த நாற்பது பேரை விட்டு விலகுவது பற்றி இவ்வளவு எளிதாக எழுதுகிறீர்களே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். விரல்ரேகை வரியைப் படித்ததும் கை நின்றுவிட்டது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அதை எழுதினீர்களா? அவருக்குக் கிடைத்தது ‘கடைசி இரண்டு வரிகள் தேவையில்லை’ என்ற நான்கு சொற்கள் மட்டுமே. அவர் கவிதையின் ஆகச் சிறந்த வரியைக் கண்டுபிடித்து அதை அவரிடம் மறைத்து, முன்பின் அறியாத என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக அவருக்கும் நீங்கள் ‘அருமை’ என்றுதானே எழுதிவந்தீர்கள்? அப்படியானால் அவரை நீங்கள் உண்மையாகப் படித்த முதல் நாளும் அவர் வரிகளை வெட்டச் சொன்ன நாளும் ஒன்றே. அவர் வாயடைத்துப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ‘தேவையில்லை’ என்பது ‘அருமை’யின் உடன்பிறப்பு. அதையும் எந்தக் கவிதையின் கீழும் எழுதலாம். பெரும்பாலான கவிதைகளுக்கு அது பொருந்தவும் பொருந்தும்.

உங்கள் கருத்து சரியானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. விரல்ரேகை படிந்த கண்ணாடி என்றாலே மங்கல் வந்துவிட்டது. மறுபடி ‘மங்கலாகத் தெரிகிறது’ என்பது கூறியது கூறல். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று அந்தப் பட்டியலைப் படித்தால், இன்றைக்கு எழுதப்படும் கவிதைகளை மேசையில் வைத்துக்கொண்டு எழுதியது போல் இருக்கும். எடுப்பாகத் தொடங்கி வரிக்கு வரி மெலிந்து ஒன்றுமில்லாமல் முடியும் கவிதைக்குச் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. ‘மற்றொன்று விரித்தல்’ என்றும் ஒரு குற்றம் உண்டு. இந்தக் கடிதத்தில் அதை நான் செய்துகொண்டிருக்கிறேன். குற்றத்துக்கு ஒரு பெயர் இருந்தால், அது எழுதியவரை விட்டு எழுத்தின் மீது போய் நிற்கும். ‘இங்கே கூறியது கூறல் வருகிறதோ’ என்று கேட்டால் அவர் கவிதையைத் திரும்பிப் பார்ப்பார். ‘தேவையில்லை’ என்றால் உங்களைத்தான் பார்ப்பார்.

அந்த நண்பனுக்கு வருகிறேன். இளமையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே ஒரு பிரதி. அது கைமாறிக் கைமாறி ஓரங்கள் கிழிந்து திரும்பி வரும். அவனிடம் கவிதையைக் கொடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒரு வாரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து தருவான். நினைவில் நின்ற வரிகள் இருக்கும். நிற்காத வரிகளின் இடத்தில் வெறும் கோடு போட்டிருப்பான். ஒருமுறை நான் எழுதிய இருபத்திரண்டு வரிக் கவிதை, ஒரு வரியும் இருபத்தொரு கோடுகளுமாகத் திரும்பி வந்தது. ஆறு மாதம் நான் அவனோடு பேசவில்லை. பிறகு, அந்த ஒரு வரியைத் தனியே எடுத்துவைத்து அதிலிருந்து வேறொரு கவிதை எழுதினேன். என்னுடையது என்று கூசாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய முதல் கவிதை அதுதான்.

அவன் கவிதைகளை நான் எப்படிப் படித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னேன். என் கவிதைக்குப் பேச்சைத் திருப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மற்ற மூவரும் அப்படித்தான். யாரும் அவனை ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. பாராட்டிக்கொண்டேதான் இருந்தோம், அவன் நிறுத்திவிட்டான். நிறுத்தியதைக்கூட இரண்டு மூன்று இதழ்கள் கழித்தே கவனித்தோம். விமர்சனம் வந்தால் எழுத்து நின்றுவிடும் என்று உங்கள் குழுவில் அஞ்சுகிறார்கள். பாராட்டினாலும் நின்றுவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படி நிற்பது சத்தமில்லாமல் நடப்பதால் அதற்காக யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை.

சென்ற ஆண்டு அவனைச் சந்தித்தேன். அவன் எழுதியவற்றில் ஏதாவது எனக்கு நினைவிருக்கிறதா என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே போனேன். ஒன்று இருந்தது: ‘கதவைச் சாத்திய பிறகும் / கை கதவிலேயே இருந்தது.’ அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கோடுகள்தாம். அதை அவனிடம் சொன்னேன். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘நல்ல வரி. யார் எழுதியது?’ என்றான்.

உங்கள் கேள்வி தவறா, சரியா என்பது. விலகுவதா, நீடிப்பதா என்பது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மூத்தவருக்கு இன்றைக்கே எழுதுங்கள். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறவும் வேண்டாம். இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில், பார்க்காமல் உங்கள் நினைவுக்கு வரும் வரிகளை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். விரல்ரேகையில் தொடங்கலாம். வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால், அவருடைய பழைய கவிதைகளை எடுத்துப் படித்துவிட்டு ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

அணிந்துரையை உங்கள் குழுவில் ஒருவரிடம் கேளுங்கள். அவரிடமே கேட்கலாம்.

அன்புடன்.