சாப்பாட்டால் தலைவலியா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

போன முறை ஒற்றைத் தலைவலியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் சாப்பாட்டைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். இடம் இருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

எனக்கு அடிக்கடி தலைவலி வருகிறது. என்னென்ன சாப்பிடக் கூடாது?
(நாகர்கோவில்)

வயது இல்லை. மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது, குமட்டல் உண்டா, என்ன மாத்திரை போடுகிறீர்கள், எதுவும் இல்லை. இதற்கு நான் என்ன பதில் எழுத? ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் எழுதுங்கள்: வலி தொடங்கிய நேரம், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டவை, சாப்பிட்ட நேரம், தூக்கம், மாதவிலக்கு, விழுங்கிய மாத்திரைகள். வலிக்காத நாட்களையும் எழுத வேண்டும். தேங்காய்ச் சட்னி சாப்பிட்டு வலி வந்த நாள் நினைவில் நிற்கும். அதே சட்னியைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத இருபது நாட்கள் மறந்துபோகும்.

ரத்தப் பரிசோதனையில் அரிசி, தேங்காய், முட்டை, சிறுபயறு உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகள் ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. நான்கு மாதமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது, தலைவலி குறையவில்லை. இன்னும் எதை விட வேண்டும்?
(மார்த்தாண்டம்)

அந்த அறிக்கையை விட வேண்டும். மாதந்தோறும் இப்படி ஒரு கடிதம் வருகிறது, மாதந்தோறும் நானும் இதையே எழுதுகிறேன். உணவுகளின் பெயரை வரிசையாகப் போட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூசித் தரும் இந்தச் சோதனை பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளப்பது. ஓர் உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள், உடல் அதை அறிந்து வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. மூன்று வேளையும் அரிசியும் தேங்காயும் புழங்கும் ஊரில் அவை சிவப்பில் வராமல் ஓட்ஸா வரும்? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலும் கனடாவின் அமைப்பு 2012இலும், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. ஆனாலும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் செய்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையிலிருந்துகூட முட்டையைப் பிடுங்குகிறார்கள்.

ஐஜிஈ என்ற இன்னோர் எதிர்ப்புரதத்தை அளக்கும் சோதனை வேறு. சாப்பிட்டவுடன் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் வருகிறவர்களுக்கு அது உதவும். தலைவலிக்குக் காரணமான உணவைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று இல்லை.

நம்மிடம் இருப்பது நோட்டும் பொறுமையும்தான். நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஓர் உணவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்று, நான்கு வாரம் அடியோடு நிறுத்துங்கள். வலிக்கும் நாட்கள் குறையாவிட்டால் அந்த உணவின் மேல் பழி இல்லை, சாப்பிடுங்கள். குறைந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து அதையே சாப்பிட்டுப் பாருங்கள். வலி திரும்பினால் மறுபடி நிறுத்தி, மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் வந்தால் நம்பலாம். விலக்குவதை எல்லோரும் செய்கிறார்கள், திரும்பச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. புதிதாக எதைச் செய்தாலும் முதல் இரண்டு வாரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் என்பதால் அது அவசியம். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் எப்போதாவது வந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்.

நீங்கள் இன்றே சோறு சாப்பிடத் தொடங்குங்கள். எடை குறைந்ததற்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியுமுன் ஒரு கட்டன் சாயா மட்டும். பத்து மணிக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் சாப்பிடும்போது தலை வலிக்கிறது. மரச்சீனி ஆகாதா?
(குலசேகரம்)

"எட்டரைக்கே நெற்றி இறுகத் தொடங்கும்" என்று கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது மரச்சீனி அடுப்பில்தான் இருந்திருக்கும். உங்களுக்கு வருவது பசித் தலைவலி. சாப்பாடு தொடர்பான காரணங்களில், எதையோ தின்றதைவிடத் தின்னாமல் இருந்ததே அதிகம் பேருக்குத் தலைவலி தருகிறது. வேலைக்கு இறங்குமுன் இரண்டு இட்லியோ ஒரு நேந்திரம் பழமோ சாப்பிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். மரச்சீனியை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடும் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள். கசக்கும் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வரும். அது நச்சு, ஒவ்வாமை அல்ல.

சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை தெறிப்பதுபோல் வலித்தது. அதே மீனை எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். திடீரென்று ஒவ்வாமை வருமா?
(குளச்சல்)

வரலாம். ஆனால் நான் சந்தேகப்படுவது உங்கள் உடம்பை அல்ல, அன்றைய மீனை. சூரை, அயலை, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பெருகும். முகச்சிவப்பு, தலைவலி, படபடப்பு, சில சமயம் வயிற்றுப்போக்கு, எல்லாம் அதன் வேலை. சிலருக்கு மீனில் மிளகுபோல் ஒரு காரம் தட்டுப்படும். புளியும் மிளகாயும் போட்டு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. கெட்ட வாடை இல்லாமலும் இருக்கலாம், ஆகவே மூக்கை நம்பிப் பயனில்லை. ஐஸில் வைத்திருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அன்று உங்களோடு சாப்பிட்ட வேறு யாருக்காவது முகம் சிவந்ததா என்றும் விசாரியுங்கள். மூச்சுத்திணறல் வந்தால் விசாரணை வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முந்திரிக்கொத்து தின்ற மறுநாள் தப்பாமல் ஒற்றைத் தலைவலி வருகிறது.
(ஆரல்வாய்மொழி)

முந்தின நாள் இனிப்பு வேண்டும் என்று மனம் அலைந்ததா? கொட்டாவி, கழுத்து இறுக்கம் இருந்ததா? ஒற்றைத் தலைவலி பலருக்கு வலிக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே தொடங்கிவிடும். இனிப்பின் மீது ஆசை அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். நோட்டில் ஆசை வந்த நேரத்தையும் எழுதுங்கள்.

தினமும் ஒரு மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுகிறது. எந்த உணவால் இப்படி?
(தக்கலை)

மாத்திரையால் இப்படி. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ, காஃபீன், எர்கோட்டமின் கலந்த கூட்டு மாத்திரை 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அதுவே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். அதைச் சரிசெய்யாமல் எந்த உணவை விலக்கினாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். முதல் சில வாரம் வலி கூடும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?
(கருங்கல்)

கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்த பிறகு. நிறுத்திவிட்டுச் செய்தால் முடிவு தவறாக வரலாம்.

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு வாரமாக நெற்றிப்பொட்டில் வலி. சாப்பாட்டை மெல்லும்போது தாடையும் வலிக்கிறது. புளியை நிறுத்தலாமா?
(அருமனை)

புளியை விடுங்கள். இது பார்வையைப் பறிக்கக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். இதைப் படிக்கும் இன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, இடிபோல் ஒரே நொடியில் வரும் தலைவலி, காய்ச்சலோ கை கால் தளர்ச்சியோ சேர்ந்த தலைவலி, இவற்றுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

காப்பியை விட்டதும் இரண்டு நாளாகத் தலை பிளக்கிறது.
(தோவாளை)

ஒரேயடியாக விட்டால் பிளக்கும். ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை நாளுக்கு அரை டம்ளர் வீதம் குறையுங்கள்.

ஐஸ் சர்பத் குடித்தால் நெற்றி வலிக்கிறது.
(கன்னியாகுமரி)

மெதுவாகக் குடியுங்கள்.