பைபிளில் யாரும் அதிகம் பேசாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவர் யார்?

நகசோன். அம்மினதாபின் மகன், யூதா கோத்திரத்துத் தலைவர்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு இத்தனை வசனம் என்று முறை வைத்து வாசிப்போம். எண்ணாகமம் 7ஆம் அதிகாரம் வந்தால் 89 வசனம். இஸ்ரவேல் கோத்திரங்களின் 12 தலைவர்கள், 12 நாள், எல்லோருக்கும் ஒரே காணிக்கை. 130 சேக்கல் நிறையில் வெள்ளித்தாலம், 70 சேக்கலில் வெள்ளிக்கலம், தூபவர்க்கம் நிரப்பிய 10 சேக்கல் பொன் தூபகரண்டி, அப்புறம் காளை, ஆட்டுக்கடா... மறுபடி முதலிலிருந்து. சின்ன வயதில் மூன்றாம் நாள் தாண்டுவதற்குள் கண்ணைச் சொருகிவிடும்.

வளர்ந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. மற்ற 11 பேருக்கும் அங்கே ‘பிரபு’ என்ற பட்டம் உண்டு. முதல் நாள் வந்த நகசோனுக்கு மட்டும் இல்லை. இத்தனைக்கும் அவர் மோசேயின் அண்ணன் ஆரோனுக்கு மைத்துனர். தங்கையோ அக்காவோ, எலிசபாளைக் கட்டிக்கொடுத்த வீடு. வனாந்தரத்தில் போர்வீரர்களை எண்ணிய கணக்கெடுப்பில் யூதாவின் 74,600 பேருக்கும் அவர்தான் சேனாபதி. அவ்வளவு பெரிய ஆள் வெறும் பெயரோடு வந்து தட்டை வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த கதையில் பைபிள் அவர் பெயரைச் சொல்லவில்லை. யூத ரபிகளின், அதாவது மத போதகர்களின், விளக்கங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. கரையில் கோத்திரங்கள் ‘நான் முதலில் இறங்க மாட்டேன்’, ‘நானும் மாட்டேன்’ என்று நிற்க, நகசோன் தண்ணீருக்குள் குதித்துவிட்டாராம். கடல் இன்னும் பிளக்கவில்லை. “தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது” என்ற 69ஆம் சங்கீதத்தை அவர் வாயில் வைக்கிறார்கள். மூக்கு வரை தண்ணீர் ஏறிய பிறகே கடல் பிளந்தது என்கிறது இன்னொரு மரபு. அதே தல்மூத்தில் வேறொரு ரபி, முதலில் இறங்கியது பென்யமீன் கோத்திரம் என்றும் வாதாடுகிறார். இருந்தாலும் மக்கள் மனதில் தங்கியது நகசோன்தான். இன்றைக்கும் எபிரேயத்தில் துணிந்து முதலில் இறங்குகிறவரை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

அவருடைய மகன் சல்மோன். சல்மோனுக்கும் ராகாபுக்கும் பிறந்தவர் போவாஸ் என்கிறது மத்தேயு. அந்த வரிசையில் ஓபேத், ஈசாய், பிறகு தாவீது.

ஆனால் வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட கானான் தேசத்தை நகசோன் பார்க்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர எல்லோரும் வனாந்தரத்திலேயே இறந்தார்கள். நகசோன் இறந்ததற்கென்று தனியாக ஒரு வசனம்கூட இல்லை. தேசத்தைப் பங்குபோடும் தலைவர்களின் பட்டியல் எண்ணாகமம் 34இல் வருகிறது. அதுவும் யூதா கோத்திரத்தில்தான் தொடங்குகிறது. அங்கே இருக்கும் பெயர் காலேப்.