தூங்காமல் படிக்கும் தங்கச்சிக்கு

கடிதம்:

அன்புள்ள அக்கா,

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். வயது 29. இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மூன்றாம் ஆண்டு, சின்னவள் பகலில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்தில். கணவருக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். போன வருடம் கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருட முழுநேரத் தாதியர் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். காலை 5.45க்கு பஸ். வகுப்பு 3.30க்கு முடியும். வரும் வழியில் கம்பளையில் ஒரு பாமசியில் 5 மணியிலிருந்து 7.30 வரை வேலை. சனி, ஞாயிறு முழு நாளும் அங்கேதான். வீட்டுக்கு வர ஒன்பதாகும். பத்தரைக்குப் படுத்து இரண்டரைக்கு எழும்பிப் படிக்கிறேன். நாலு மணித்தியாலம் எனக்குப் போதும், எங்கள் அம்மாவும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். அடுத்த மாதம் வாட்டுப் பயிற்சி, நைட் டியூட்டியும் வரும். எல்லாவற்றையும் சமாளிக்க ஒரு நேர அட்டவணை போட்டுத் தருவீர்களா? இங்கிலிஷ் வேறு பயமாக இருக்கிறது. போன கிழமை மகன் மாமியிடம், "எங்கூட உக்காந்தா அம்மா தூங்கிடுறாங்க" என்று சொல்லியிருக்கிறான். அதிலிருந்து மனது சரியில்லை.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கேட்டது அட்டவணை. என் கண்ணில் பட்டது "நாலு மணித்தியாலம் எனக்குப் போதும்" என்ற வரி. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் எழுத வைத்துவிட்டது. போதாது, தங்கச்சி. உங்கள் மகனுக்கே அது தெரிந்திருக்கிறது. அவன் உங்களைக் குறை சொல்லவில்லை, கண்டதைச் சொன்னான். அதை நினைத்து அழ வேண்டாம். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கண் சொருகாமல் இருபது நிமிடம் அவனோடு இருந்தால் அவனுக்கு அது போதும். அந்த இருபது நிமிடத்துக்கும் நீங்கள் தூங்கியிருக்க வேண்டும்.

இங்கிலிஷைப் பற்றி நிறையப் பேச ஒன்றும் இல்லை. வாட்டில் ஓடுகிற சொற்கள் திரும்பத் திரும்ப வருகிறவை. இரண்டு மாதம் காது கொடுத்தால் பிடிபடும். பயப்பட வேண்டிய இடம் வேறு.

நம் மலையகத்தில் ஒரு பெண்ணைப் புகழ்வதென்றால் வாயில் வருவது ஒரே வசனம்: "அவ ராவும் பகலும் தூங்காம புள்ளைகளை ஆளாக்கினா." தப்பு மேளம் அடித்து, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்ட காலத்தில், தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறியவள் அவள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் விறகு, தண்ணீர், சமையல். லயத்து வரிசை வீட்டில் கடைசியாகப் படுத்ததும் முதலில் எழும்பியதும் அவள்தான். தூக்கம் போதுமா என்று தோட்டமும் அவளைக் கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. புகழ்ச்சியைக் கொடுத்துவிட்டுத் தூக்கத்தை எடுத்துக்கொண்டோம். உங்கள் அம்மா நாலு மணித்தியாலம் போதும் என்று முடிவு செய்தவர் இல்லை, மிச்சம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதைப் பரம்பரைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு தாதியர் படிப்புக்குள் வராதீர்கள். தூக்கக் கலக்கத்தில் கூடைக்குள் முற்றல் இலை விழுந்தால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஏசுவார், கிலோவில் வெட்டுவார். வாட்டில் நடக்கும் பிழை நோயாளியின் இரத்தத்துக்குள் போய்விடும்.

இரண்டரைக்கு எழும்பினால் பாமசியில் கடைசி ஆளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற ஏழரை மணிக்கு நீங்கள் விழித்துப் பதினேழு மணித்தியாலம். 1997இல் டோசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த பரிசோதனை நேச்சர் என்ற அறிவியல் சஞ்சிகையில் வந்தது. பதினேழு மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கவனமும் இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தன. இருபத்துநாலு மணித்தியாலத்தில் அது 0.10 வீதத்துக்குச் சமமானது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08. அந்த அளவைத் தாண்டியவர் கையில் யாராவது ஊசியைக் கொடுப்பார்களா?

பிழை எப்படி வருகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு கிலோ குழந்தை, காய்ச்சல். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. 12ஐ 15ஆல் பெருக்கினால் 180. பாணிப் போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம். 180ஐ 120ஆல் பிரித்து 5ஆல் பெருக்க, 7.5 மில்லிலீட்டர். இவ்வளவுதான் கணக்கு, பகலில் உங்கள் மகனுக்கே சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் இருக்கிறது. விடிகாலை மூன்றரைக்குக் கண் லேபிளில் மருந்தின் பெயரை மட்டும் வாசித்து அடுத்த வரியை விட்டுவிடும். அதே 7.5 மில்லிலீட்டரை அந்தப் போத்தலில் இருந்து எடுத்தால் குழந்தைக்குப் போவது 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குச் சரி, போத்தல் பிழை.

சேலைனும் அப்படித்தான். 500 மில்லிலீட்டரை நாலு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். மில்லிலீட்டருக்கு 20 துளி விழும் குழாய் செட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் பிரிக்க, நிமிடத்துக்கு 42 துளி. அதே 42 துளியை 60 துளி செட்டில் எண்ணி வைத்துவிட்டுப் போனால் போத்தல் முடியப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். எண்ணினவர் சரியாகத்தான் எண்ணியிருப்பார், செட்டின் உறையைப் பார்த்திருக்க மாட்டார். இன்சுலின் இன்னும் மோசம். ஒரு மில்லிலீட்டரில் 100 அலகு. எட்டு அலகு என்றால் 0.08 மில்லிலீட்டர். இன்சுலின் சிரிஞ்ச் கைக்கு எட்டவில்லை என்று சாதாரண சிரிஞ்சில் 0.8க்கு இழுத்தால் எண்பது அலகு. நோயாளி விடிவதற்குள் நினைவிழப்பார். ஆகவே இன்சுலினுக்கு இன்சுலின் சிரிஞ்ச் மட்டும். புள்ளிக்கு முன் பூச்சியம் போடாமல் எழுதாதீர்கள், முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூச்சியமும் போடாதீர்கள். லேபிளை மூன்று தரம் வாசியுங்கள்: எடுக்கும்போது, இழுக்கும்போது, திரும்ப வைக்கும்போது.

இரண்டரைக்கு எழும்பிப் படிப்பது தலையில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் கேட்டதை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில். கனவு வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் கூடுதலாக வரும். நீங்கள் தினமும் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். வெட்டிய நேரத்தில் வாசித்தது வெள்ளிக்கிழமை வரைகூட நிற்காது. வகுப்பு முடிந்து பஸ் வரும் வரை ஒரு வெற்றுத் தாளை எடுத்து, குறிப்பைப் பார்க்காமல் அன்றைக்குப் படித்ததை எழுதுங்கள். எழுத முடியாமல் விட்ட இடம் எதுவோ அதை மட்டும் இரவில் படியுங்கள். அடுத்த நாள் ஒரு தரம், மூன்றாம் நாள் ஒரு தரம், ஒரு கிழமை கழித்து ஒரு தரம், இதே மாதிரி. பஸ்ஸில் புத்தகம் வேண்டாம், புசல்லாவை வளைவுகளில் வாந்திதான் வரும். போனில் உங்கள் குரலிலேயே கேள்வியைப் பதிந்து, ஐந்து விநாடி இடைவெளி விட்டுப் பதிலையும் பதிந்து, காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நைட் டியூட்டி மாலை 7க்குத் தொடங்கிக் காலை 7க்கு முடியும். முதல் இரவுக்கு முன் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை படுத்துவிடுங்கள். கடைசித் தேத்தண்ணி இரவு இரண்டு மணிக்கு, அதற்குப் பிறகு குடித்தால் காலையில் வீட்டில் தூக்கம் வராது. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உடம்பு அடியோடு இறங்கும். அந்த நேரத்தில் எந்த மருந்துக் கணக்கையும் தனியாக முடிக்காதீர்கள். வாட்டுத் தாதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அந்தக் கணக்கை அவர் தனியே போடட்டும், உங்கள் விடையை முதலில் காட்டாதீர்கள். காட்டினால் அவர் கண்ணும் அதையே காணும். காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை தூக்கம். லயத்துச் சுவர் வழியாகப் பக்கத்துக் காம்பரா றேடியோ கேட்கும். அவர்களிடம் போய் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

வெள்ளைச் சீருடை மூன்று செட் வேண்டும், இரண்டில் சமாளிக்க முடியாது. மழைக் காலத்தில் நம் பக்கம் இரண்டு நாளானாலும் துணி காயாது. அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே போட்டால் புகை ஏறி மஞ்சளாகும், அந்த வாடை போகவே போகாது. வந்தவுடன் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் தனியாகக் கழுவி, பிழிந்து, உள் காம்பராவில் கொடி கட்டிப் போடுங்கள். ரொட்டி மாவை இரவே பிசைந்து மூடி வையுங்கள், நம் குளிருக்குக் கெடாது. மாமியிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்க" என்று கேட்காதீர்கள். இரவுச் சமையல் முழுக்க அவர், பாத்திரம் கழுவுவது முழுக்க நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி வேலை இரண்டு பேரையும் கோபக்காரராக்கும். கணவர் புறக்கோட்டையில் இருந்தாலும் தினம் ஏழு மணிக்கு போனில் மகனின் வீட்டுவேலையைக் கேட்கலாம். அது அவருடைய பொறுப்பு, உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டே ஆக வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை தாதியர் பேரவையில் இந்த டிப்ளோமாவை வைத்துப் பதிவு செய்ய முடியுமா? நிறுவனத்தார் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். அடுத்த தவணை கட்டும் முன் பேரவையிடமே நேரடியாக, எழுத்தில் கேளுங்கள். பதிவு கிடைக்காத சான்றிதழோடு தாதி உதவியாளர் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களும் இப்படித்தான் தூங்காமல் படித்தார்கள்.

கடைசியாகப் பாமசி. கிழமை நாட்களின் மாலை வேலையை விடுங்கள், சனி, ஞாயிறை வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்குப் பன்னிரண்டரை மணித்தியாலச் சம்பளம் குறையும். அந்தத் தொகையைக் கணக்குப் பார்த்து, கணவர் அனுப்பும் பணத்தில் எவ்வளவு கூட்டலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பரீட்சை மாதத்தில் தவணை விழாமல் தள்ளிப் போடவும் நிறுவனத்தைக் கேளுங்கள். ஆறு மணிக்கு வீட்டில் இருந்தால் எட்டு வரை பிள்ளைகள், எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை படிப்பு, ஒன்பதரையிலிருந்து நாலரை வரை தூக்கம். முதலாளியிடம் மாதக் கடைசியில் போய் நிற்காதீர்கள், ஆள் தேட அவருக்கு நேரம் வேண்டும். இந்தச் சனிக்கிழமையே, கடை திறந்து கூட்டம் சேரும் முன், வாட்டுப் பயிற்சி தொடங்கும் திகதியையும் நீங்கள் வரக்கூடிய நாட்களையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா