போட்டதை எடுக்க முடியுமா?

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் ஆய்வு மாணவன் நான். முட்டம் முதல் குளச்சல் வரை மீனவர்களின் சொற்களைச் சேகரிக்கிறேன். இப்போதைக்கு வாட்ஸப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன். எவர்நோட், நோஷன், அப்சிடியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நல்ல குறிப்புச் செயலியில் என்ன பார்க்க வேண்டும்? ஃபோல்டரா, டேகா? இதுவரை சேர்த்த பட்டியலை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

வெயிலில் கரை கரையாக அலைகிறீர்கள், சந்தோஷம். ஃபோல்டரோ டேகோ, கைக்கு எது வருகிறதோ அது போதும். நிறம், ஏஐ சுருக்கம் எல்லாம் விற்கிறவன் கவலை. நெட் இல்லாமல் திறக்க வேண்டும், தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். சரி, அது முடிந்தது.

போட்டதை வெளியே எடுக்க முடியுமா? அதை ஏன் நீங்கள் கேட்கவே இல்லை?

போன வாரம்தான் ஒரு பழைய சிடியைத் திறந்தேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவாத காலத்தில் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கிய குறிப்புகள். கடலுக்குள் பார், அதாவது மீன் கூடும் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தை எப்படிப் பிடிப்பது என்று வள்ளக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னது. ஒரு மலை முகடும் ஒரு சர்ச் கோபுரமும் ஒரே நேரில் வர வேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னொரு ஜோடியும் அப்படி வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்கு அடியில் பார். எந்த முகடு, எந்தக் கோபுரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திரையில் வந்ததோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு அந்தக் கடையில் மட்டும் இருந்தது. இப்போது கடையும் இல்லை, பெரியவரும் இல்லை.

செயலிகளும் அந்தக் கடை மாதிரிதான். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று சுருக்கிவிட்டது. அப்சிடியன் உங்கள் கருவியிலேயே மார்க்டவுன் என்னும் வெறும் எழுத்துக் கோப்புகளாக வைக்கிறது. நாளை அது இல்லாமல் போனாலும் நோட்பேடில் படிக்கலாம். கூகிள் கீப்பில் உள்ளதை, தரவை இறக்கித் தரும் கூகிளின் டேக்அவுட் வழியாக எடுக்கலாம். எதுவானாலும் பத்துக் குறிப்பு போட்டதும் மொத்தத்தையும் வெளியே எடுங்கள். நெட்டை அணைத்துவிட்டு வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். குரல்பதிவு கூட வந்ததா? படம்? எழுதிய தேதி? வரவில்லை என்றால், எத்தனை அழகான செயலியானாலும் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் அந்தப் பட்டியல். ‘நீவாடு - நீரோட்டம்’ என்று ஒரு வரி. யார் சொன்னது, எந்த ஊர், எந்த மாதம்? ஒன்றுமே இல்லை. என்ன ஆய்வு இது? நீவாடு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரையில்தான் இருப்பார்கள். போய், முதல் சொல்லிலிருந்து மறுபடி கேளுங்கள்.