எட்டுப் பேர் மோதும் பாஸ் சண்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இணைய விளையாட்டின் சாவேஜ் ரெய்டுகளை, அதாவது கடினமான குழுச் சண்டைகளைப் பற்றியவை. அடியைத் தாங்கும் இரண்டு டேங்க், குணப்படுத்தும் இரண்டு ஹீலர், தாக்கும் நான்கு டிபிஎஸ் என எட்டுப் பேர் சேர்ந்து, பாஸ் என்ற ஒரே பெரிய எதிரியை வீழ்த்த வேண்டிய சண்டைகள் இவை.

கேள்வி: எட்டுப் பேரும் டிஸ்கார்டில் பேசிக்கொண்டேதான் ஆடுகிறோம். ஆனாலும் யார் எங்கே நிற்பது என்பதில் குழப்பம் வந்து, ஒவ்வொரு முறையும் எல்லோரும் செத்துப்போகிறோம். என்ன செய்யலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: பேச்சைக் குறையுங்கள். எங்கே ஓடுவது என்று சண்டைக்கு நடுவில் முடிவெடுக்க நேரமே கிடையாது. பல தாக்குதல்களின் காஸ்ட் பார் (அடி விழும் முன் நிரம்பும் பட்டை) நான்கைந்து நொடிதான் ஓடும். முடிவையெல்லாம் முன்பே எடுத்துவிட வேண்டும். சண்டையில் பேசுவது அதை நினைவூட்ட மட்டும்தான்.

முதலில் கடிகார இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெயின் டேங்க் வடக்கு, ஆஃப் டேங்க் தெற்கு, ஹீலர்கள் கிழக்கும் மேற்கும், டிபிஎஸ் நால்வரும் மூலைகளில் என்பது பரவலாக உள்ள ஓர் ஏற்பாடு. சிதறி நிற்கச் சொல்லும் தாக்குதல் எது வந்தாலும் அவரவர் இடத்துக்குப் போய்விடலாம். இரண்டிரண்டாகச் சேர வேண்டுமென்றால் யாருக்கு யார் ஜோடி, நான்கு நான்காகப் பிரிய வேண்டுமென்றால் யார் எந்தப் பக்கம் என்பதையும் இதோடு சேர்த்து முடிவு செய்து, மேக்ரோவாக (ஒரே அழுத்தில் சாட்டில் போய்விடும் சேமித்த வரிகளாக) எழுதி பார்ட்டி சாட்டில் போடுங்கள். ஒரு மேக்ரோவில் 15 வரி எழுதலாம். அது தாராளம்.

குழப்பம் பெரும்பாலும் திசைச் சொற்களில்தான் பிறக்கிறது. “இடது” என்றால் உங்கள் இடதா, பாஸின் இடதா? எதிரெதிரே நிற்கும்போது இரண்டும் நேர்மாறு. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ஏ, பி, சி, டி அடையாளங்களைத் தரையில் போட்டு, அவற்றின் பெயரைச் சொல்லுங்கள். சண்டை தொடங்கிய பிறகு அவற்றைப் போட முடியாது. அதனால் முன்பே சேமித்து வையுங்கள். “வடக்கு” என்பதிலும் இதே சிக்கல் உண்டு. பாஸ் திரும்பி நிற்கும்போது, வரைபடத்தின் வடக்கைப் பார்ப்பவர் ஒரு பக்கம் ஓடுவார், பாஸின் முகத்தை வடக்காகக் கொள்பவர் எதிர்ப்பக்கம் ஓடுவார். ஒவ்வொரு தாக்குதலுக்கும் எது வடக்கு என்று மேக்ரோவிலேயே எழுதிவிடுங்கள்.

அறிவிப்பவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். காஸ்ட் பார் தொடங்கியதும் “வெளியே, பிறகு ஸ்டாக்” (ஸ்டாக் என்றால் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பது) என்று இரண்டு மூன்று சொல்லில் முடிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஓடியபின் சொல்வது வீண். ஹீலரை இந்த வேலைக்குப் போடாதீர்கள். பெரிய அடி வரும் நேரத்தில் அவர் கவனம் முழுக்க எல்லோருடைய உயிர் அளவையும் காட்டும் பார்ட்டி லிஸ்டில் இருக்கும். மற்ற ஏழு பேரும் வாய் திறக்க வேண்டியது தாம் இறந்தபோது, இறந்தவரை எழுப்புவது யார் என்பதை மாற்றும்போது, திட்டமிட்ட திறனைப் போட முடியாமல் போனபோது மட்டும்.

தோற்ற பிறகு கடைசியாகச் செத்தவரை விட்டுவிட்டு, முதலில் செத்தது யார், எதனால் என்று சண்டைப் பதிவில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் தொடங்கியிருக்கும். அந்த ஒன்றை மட்டும் திருத்திக்கொண்டு அடுத்த முயற்சிக்குப் போங்கள். எட்டுப் பேரும் ஆளுக்கொரு குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. தவறியவரைத் திட்டுவது அதைவிட மோசம். அடுத்த முறை அவர் தன் பிழையைச் சொல்லாமல் மறைப்பார், காரணம் தெரியாமலே நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: பாதுகாப்புத் திறன்களை எல்லோரும் போடுகிறோம். ஆனாலும் குழு முழுவதும் வாங்கும் அடியில் சரிந்துவிடுகிறோம். ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: ஒரே நேரத்தில் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு டேங்க்குகளும் ரீப்ரைசல் என்ற திறனை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பலன் கிடைக்காது, ஒன்று வீணாகும். ரீப்ரைசல் பாஸின் அடியை 10 சதவீதம் குறைக்கும், மீண்டும் வர 60 நொடி ஆகும். டிபிஎஸ் போடும் ஃபெயின்ட், ஆடில் இரண்டுக்கும் 90 நொடி. மாய அடியை ஆடில் 10 சதவீதமும் ஃபெயின்ட் 5 சதவீதமும் குறைக்கும், உடல் அடிக்கு அது அப்படியே தலைகீழ். வெவ்வேறு திறன்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும், ஆனால் கூட்டலாக அல்ல, பெருக்கலாக. மாய அடிக்கு இந்த மூன்றையும் போட்டால் 0.9 × 0.9 × 0.95, அதாவது சுமார் 23 சதவீதம் குறையும். பெரிய அடிகளின் நேரத்தை எழுதி, எதற்கு யாருடைய திறன் என்று ஒரு தாளில் பிரித்துவிடுங்கள்.

இறந்தவரை எழுப்புவதிலும் இதே வீண் நடக்கும். இரண்டு ஹீலர்களும் ஸ்விஃப்ட்காஸ்ட் (அடுத்த மந்திரத்தைக் காத்திருக்காமல் போட வைக்கும் திறன்) போட்டு ஒரே ஆளை ரெய்ஸ் செய்வார்கள், அதாவது எழுப்புவார்கள். ஒருவருக்கு 2400 எம்பி (மந்திரங்களுக்குச் செலவாகும் சக்தி) வீணாகப் போய்விடும், அடுத்த சாவுக்கு ஸ்விஃப்ட்காஸ்ட் இருக்காது. முதலில் இறப்பவரை எழுப்புவது யார், இரண்டாவதாக இறப்பவரை எழுப்புவது யார் என்று முன்பே பேசி வையுங்கள். எழுப்பப்பட்டவரும் உடனே எழக் கூடாது, அடுத்த பெரிய அடி போன பிறகு ஏற்க வேண்டும். அவருக்கு 100 நொடி பலவீனம் இருக்கும், முக்கியத் திறன் அளவுகள் 25 சதவீதம் இறங்கியிருக்கும். அதற்குள் மறுபடி செத்து எழுந்தால் 50 சதவீதம்.

கேள்வி: பாஸை ஒரு டேங்க்கிடமிருந்து மற்ற டேங்க் ஏற்கும் நேரத்தில் அது டிபிஎஸ் பக்கம் திரும்பிவிடுகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஏற்கப்போகும் டேங்க் தன் டேங்க் ஸ்டான்ஸை (பாஸின் வெறுப்பைத் தன்மீது கூட்டும் நிலை) ஆன் செய்யாமல் புரோவோக் (பாஸை உடனே தன் பக்கம் இழுக்கும் திறன்) செய்திருப்பார். அந்த நொடியில் பாஸ் அவரிடம் வரும், சற்று நேரத்தில் நழுவிவிடும். ஸ்டான்ஸ், புரோவோக், பிறகு மற்றவரின் ஷர்க் என்பதுதான் வரிசை. ஷர்க், அதைப் போடுபவர்மீது பாஸுக்கு உள்ள வெறுப்பில் 25 சதவீதத்தை மற்ற டேங்க்குக்குக் கைமாற்றும், ஆனால் அதற்கு 120 நொடி காத்திருப்பு. அதற்குள் இன்னொரு மாற்றம் இருந்தால் எதில் ஷர்க் போடுவது என்று இருவரும் முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே மட்டும் வாய்விட்டுச் சொல்வது நல்லது: “எடுத்துவிட்டேன்.”

கேள்வி: ஜப்பான் சர்வரில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். மொழியும் தெரியாது, பிங்கும் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) அதிகம். (வாசகர், கோவை)

பதில்: சாட் பெட்டியில் டேப் விசையை அழுத்தினால் விளையாட்டின் மொழிபெயர்ப்புச் சொற்றொடர்கள் வரும். அதில் தேர்ந்தெடுப்பது எதிரில் இருப்பவருக்கு ஜப்பானியத்தில் தெரியும். வணக்கம், புதியவன், தயார் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குத் தரவு மையம் இல்லை, ஆகவே பிங்கை ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பது காஸ்ட் பார் முடியும் கணத்தில் தீர்மானமாகிறது, திரையில் வெடிப்பு தெரிவது அதன் பிறகுதான். உங்கள் நகர்வு சர்வருக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். எனவே பாரின் கடைசி நொடி வரை நின்று அடிக்காமல், சற்று முன்பே ஆபத்தான இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பார் முடிந்ததும் தயங்காமல் உள்ளே திரும்பலாம்.