மாலாதாங் கடையில் பில் எகிறியது, நாக்கு மரத்தது பற்றி

சிங்கப்பூர் உணவங்காடியில் முதன்முறை மாலாதாங் (வேண்டிய காய், இறைச்சியை நாமே எடுத்துக் கொடுத்து வேகவைத்து வாங்கும் சீனக் காரசூப்) சாப்பிட்டு, எதிர்பாராத பில்லும் மரத்துப்போன நாக்குமாகத் திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். மாட்டிறைச்சி தொடாத நீங்கள் மறுபடி போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போகலாம். அங்கே பொருள்களை எடைபோட்டுத்தான் காசு. சோளத்துண்டு, முள்ளங்கி, உருளைக்கிழங்கு ஆகியவைதான் தராசை இழுக்கும். நானும் முதல் நாள் நான்கு சோளத்துண்டுகளை அள்ளிப்போட்டு அசடு வழிந்தவன்தான். கீரையை இடுக்கியில் தூக்கி, இரண்டு உதறு உதறிவிட்டுக் கிண்ணத்தில் போடுங்கள். சொட்டும் தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். காளான், உலர்ந்த டோஃபு, தாமரைக்கிழங்கு வில்லைகள் இரண்டு, ஒரு கட்டு நூடுல்ஸ். ஒருவருக்கு இது போதும்.

நாக்கு மரத்ததற்கு மிளகாயைக் குறை சொல்லாதீர்கள். அது சீனாவின் சிச்சுவான் மாநிலத்து மிளகின் வேலை. பெயர்தான் மிளகு, உண்மையில் எலுமிச்சைக் குடும்பம். 'மா' என்றால் மரப்பு, 'லா' என்றால் காரம். ஆந்திரக் காரத்தையே சமாளிப்பேன் என்ற வீறாப்பெல்லாம் இதனிடம் செல்லாது. 'சியாவ் லா', அதாவது இளங்காரம், என்று கேளுங்கள்.

மாட்டிறைச்சி விஷயத்தில் மட்டும் கவனம். துண்டுகளைத் தவிர்த்தால் போதாது. மாலா மசாலாவை மாட்டுக்கொழுப்பில் வதக்குவது சிச்சுவான் வழக்கம். சூப்பிலும் எலும்புச்சாறு இருக்கலாம். எடை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தக்காளி சூப் இருந்தால் அதையும் எதில் காய்ச்சினார்கள் என்று விசாரியுங்கள்.